சூளையில் வெந்த சொற்கள்

(செராமிக் பிரிவின் பழைய மாணவர் ஒருவர் எழுதியது)

"அண்ணே, ரீயூனியன் மலருக்கு நீங்களும் ஏதாவது எழுதணும். ஆனா ஹாஸ்டல் சாப்பாடு, மணிமுத்தாறு வெள்ளம், இதெல்லாம் வேண்டாம். ஏற்கெனவே பன்னெண்டு பேர் அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்காங்க" என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் சொன்னார். வேறு என்ன எழுதுவது என்ற யோசனையோடு பரண்மேல் இருந்த பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினேன். உள்ளே சான்றிதழ்கள், ஒரு உடைந்த பீங்கான் கிண்ணம், அவற்றுக்கு அடியில் மஞ்சள் பூத்த ஒரு நோட்டு. அட்டையில் என் கையெழுத்தில், "அபூர்வ ஆங்கிலச் சொற்கள் - தினம் பத்து".

நம்மில் பலரிடம் இப்படி ஒரு நோட்டு இருந்திருக்கும். 1970களில் விருத்தாசலம் விடுதியில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தமிழ் வழியில் படித்து, அப்பா கைநாட்டு வைத்த விண்ணப்பத்தோடு வந்து சேர்ந்தவர்கள் நாம். ஆங்கிலம் என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கும். அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் தினம் பத்துச் சொல் மனப்பாடம். அன்றிரவு உட்கார்ந்து எண்ணினேன். 611 சொற்கள். அவற்றில் என் பிழைப்புக்கு உதவியவை பத்துகூடத் தேறவில்லை.

நோட்டைத் தலைகீழாகத் திருப்பினேன். கடைசிப் பக்கத்திலிருந்து இன்னொரு பட்டியல் தொடங்கியிருந்தது. அது பட்டறையில் காதில் விழுந்த சொற்கள்: ஸ்லிப், சாகர், பிஸ்கட், கிளேஸ், கேயோலின், ஃப்ரிட், கிரேஸிங், டிஃப்ளாக்குலன்ட். அறுபது சொல்கூட இராது. முப்பது ஆண்டுக்கு மேல் எனக்குச் சோறு போட்டவை இந்த அறுபதுதான்.

அபூர்வமான சொற்களைச் சேர்க்கும் இந்த ஆசை நமக்கு எங்கிருந்து வந்தது? அது நம்மை என்ன செய்தது? இந்தக் கட்டுரையின் பொருள் அதுதான்.

அகராதி வந்த வழி

முதலில் ஒரு வேடிக்கை. தமிழ்-ஆங்கில அகராதிகள் ஆங்கிலம் படிக்க நினைத்த தமிழனுக்காகத் தோன்றியவை அல்ல. தமிழ் படிக்க வந்த வெள்ளைக்காரப் பாதிரிமார்களுக்காகத் தோன்றியவை. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்களின் அச்சுப்பொறியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அது சென்னை வேப்பேரியில் இருந்த ஜெர்மன் பாதிரியார் ஜோஹன் பிலிப் பெப்ரீசியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கேதான் அவரும் அவருடைய நண்பர் பிரெய்தாப்டும் தொகுத்த தமிழ்-ஆங்கில அகராதி 1779இல் அச்சேறியது. அதன் தலைப்பில் 'தமிழ்' என்ற சொல் இல்லை, 'மலபார்' என்று இருந்தது. ஐரோப்பியர் அன்று நம் மொழியை அப்படித்தான் அழைத்தார்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் செல்லும் பகுதி 1786இல் வந்தது. பெப்ரீசியஸின் அகராதி திருத்தமும் விரிவும் பெற்று, 1972இல்கூட நம் பக்கத்துத் தரங்கம்பாடியிலிருந்து நான்காம் பதிப்பாக வெளிவந்தது. ஒரு புத்தகத்துக்கு இருநூறு ஆண்டு ஆயுள் என்றால் சாதாரணமா?

1862இல் மைரன் வின்ஸ்லோ என்ற அமெரிக்கப் பாதிரியாரின் பேரகராதி வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் நைட் பாதிரியார் தொடங்கிய வேலையைத் தமிழ்ப் புலவர்களின் துணையோடு வின்ஸ்லோ சென்னையில் முடித்தார். 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உண்டு.

இதற்குள் காற்று திசை மாறிவிட்டது. 1835இல் மெக்காலே தன் குறிப்பை எழுதினார். 1844இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், அரசாங்க வேலைகளில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அதோடு மெட்ரிகுலேஷன் தேர்வும் வந்தது. வெள்ளைக்காரன் நம் மொழியைக் கற்கச் செய்த ஏணியில் நம் ஆட்கள் எதிர்ப்பக்கமாக ஏறத் தொடங்கினார்கள். ஒரு சொல் கூடுதலாகத் தெரிந்தால் ஒரு படி மேலே என்ற நம்பிக்கை அப்போது பிறந்ததுதான். ஆங்கிலச் சொல் ஒரு சொத்து. நிலம், நகை போல. சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியது, நாலு பேர் பார்க்க எடுத்துக் காட்ட வேண்டியது.

அந்த ஏணியில் உச்சிவரை ஏறியவர்கள் உண்டு. வலங்கைமானில் 1869இல் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் பள்ளி ஆசிரியராகத் தொடங்கியவர். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். 'வெள்ளி நாக்குப் பேச்சாளர்' என்று ஆங்கிலேயரே அவரைக் கொண்டாடினார்கள். 1935 முதல் 1940 வரை நமக்குப் பக்கத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்தார். அதே சாஸ்திரியார் தலைமையில்தான் 1940இல் அரசாங்கம் கலைச்சொல் குழு ஒன்றை அமைத்தது. பள்ளியில் விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லித்தர வேண்டும், அதற்குச் சொற்கள் வேண்டும். குழு வடமொழி, ஆங்கிலச் சொற்களின் பக்கம் சாய்ந்ததால் தமிழறிஞர்கள் கொதித்தெழுந்தார்கள். அதற்கு முன்பே, 1938இல், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் தன் சொந்த முயற்சியால் கலைச்சொற்கள் என்ற தொகுப்பையே வெளியிட்டிருந்தது. ஆக, ஆங்கிலத்தில் சொல் சேர்ப்பதும் தமிழில் சொல் ஆக்குவதும் ஒரே காலத்தில், பக்கத்துப் பக்கத்து வீடுகளில் நடந்த வேலைகள்.

நம் ஊர்ப் பெயரையே இயற்பெயராகக் கொண்ட ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். புதுமைப்பித்தனின் பெயர் சொ. விருத்தாசலம். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். ஆங்கிலத்தின் வழியாக உலகக் கதைகளைப் படித்துத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துப் பெட்டியில் பூட்டாமல் செலவழித்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

குறைவா, அதிகமா?

எத்தனை சொல் தெரிந்தால் போதும்? இந்தக் கேள்விக்கு இரண்டு கட்சிகள் உண்டு.

முதல் கட்சியின் தலைவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த ஆங்கிலேயர். வங்காளப் பையன்கள் ஆண்டுக்கணக்காக ஆங்கிலம் படித்தும் ஒரு புத்தகத்தைச் சுயமாகப் படிக்க முடியவில்லை என்பதைப் பார்த்தார். பாடப்புத்தகத்தில் வேண்டாத சொற்களைத் திணிப்பதுதான் கோளாறு என்று கண்டு, அதிகம் புழங்கும் சொற்களை மட்டும் வைத்து வாசிப்புப் புத்தகங்கள் எழுதினார். 1935இல் அவர் கொண்டுவந்த அகராதியில் சுமார் 24,000 பதிவுகள். அவ்வளவுக்கும் விளக்கம் எழுதப் பயன்படுத்தியவை வெறும் 1,490 சொற்கள்! 1953இல் வெளியான அவருடைய பொதுச்சொல் பட்டியலில் இருந்தவை ஏறக்குறைய 2,000. உலகம் முழுவதும் இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பித்தவர்களுக்கு அது வழிகாட்டியாயிற்று.

எதிர்க்கட்சி அமெரிக்காவில் இருந்தது. வில்ஃபிரெட் ஃபங்க், நார்மன் லூயிஸ் இருவரும் சேர்ந்து 1942இல் முப்பதே நாளில் சொல்வளம் பெருக்கும் புத்தகம் ஒன்றை எழுதினார்கள். 1945இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகையில் ஃபங்கின் சொல்வளப் பகுதி தொடங்கியது. 1949இல் லூயிஸின் 'வேர்டு பவர் மேட் ஈஸி' வந்தது. இன்றும் சென்னை நடைபாதைக் கடைகளில் அந்தப் புத்தகம் போட்டித் தேர்வு நூல்களுக்கு நடுவில் தவறாமல் இருக்கிறது. நம் விடுதி இந்த இரண்டாம் கட்சியில்தான் இருந்தது. லிஃப்கோ அகராதி ஒன்று, கிழிந்த ரீடர்ஸ் டைஜஸ்ட் நாலைந்து. இவைதான் எங்கள் ஆயுதங்கள்.

ஆனால் ஒன்றை நாங்கள் கவனிக்கவில்லை. லூயிஸ் தம் புத்தகத்தைச் சொற்பட்டியலாக எழுதவில்லை. லத்தீன், கிரேக்க வேர்களைக் காட்டி, ஒரு வேரில் பத்துக் கிளை என்று சொல்லிக்கொடுத்தார். நாங்கள் வேரை விட்டுவிட்டு இலைகளை மட்டும் பறித்தோம். காய்ந்துபோகாமல் என்ன செய்யும்?

சிரித்தவர்களில் நானும் ஒருவன்

இனி வருவது கொஞ்சம் சங்கடமான பகுதி. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

விடுதியில் ஒரு போட்டி இருந்தது. ஆங்கிலத்தின் மிக நீளமான சொற்களில் ஒன்றை மூச்சுவிடாமல் சொல்ல வேண்டும். 'ஃபிளாக்ஸிநாஸிநிஹிலிபிலிஃபிகேஷன்.' இருபத்தொன்பது எழுத்து. ஒன்றுக்கும் உதவாதது என்று ஒன்றை ஒதுக்கித் தள்ளுவது என்பது பொருள். இங்கிலாந்தில் லத்தீன் இலக்கணம் படித்தவர்கள் 'அற்பம்' என்று பொருள்படும் நாலு லத்தீன் சொற்களை ஒட்டவைத்துச் செய்த விளையாட்டுச் சொல். ஷென்ஸ்டன் என்ற கவிஞர் 1741இலேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 2018இல் சசி தரூர் தம் புத்தகத்தை அறிவிக்கும்போது அதைப் பயன்படுத்த, நாடே அகராதியைத் தேடி ஓடியது நினைவிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு அவர் பிரபலப்படுத்திய சொல் 'ஃபராகோ'. கலவைக் குப்பை என்ற பொருளில் எழுதினார். லத்தீனில் அது மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம். நம் பக்கத்து ஆட்களுக்குத் தவிடும் பிண்ணாக்கும் என்றால் உடனே புரிந்திருக்கும்!

அந்த நீளச் சொல்லை நான் தடுமாறாமல் சொல்வேன். விடுதியில் எனக்குப் பெரிய பேர்.

என் அறைத் தோழன் ஒருவன். பெயர் வேண்டாம். எங்கள் செட்டில் கைவேலையில் அவனுக்கு இணை கிடையாது. களிமண் அவன் கையில் சொன்னபடி கேட்கும். அவன் ஊரில் அவன்தான் முதல் மெட்ரிக். ஒரு நாள் செமினாரில் அவன் எழுந்து கட்டுரை படிக்க வேண்டியிருந்தது. 'டிஃப்ளாக்குலன்ட்' என்ற சொல் வந்த இடத்தில் நாக்கு சிக்கியது. "டிபா... டிப்ளா..." என்றான். மறுபடி முயன்றான். மறுபடி சிக்கியது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இன்னும் சொன்னால், முதலில் சிரித்ததே நான்தான்.

அன்று மாலை அறையில் அவன் சொன்னது இப்பவும் காதில் இருக்கிறது. "அந்தப் பேரு வாயில வரலடா. ஆனா அது என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும். கூழு மாதிரி கெட்டியா நிக்குற மண்ணுல ஒரு சொட்டு சிலிகேட் விட்டாப் போதும், தண்ணியே ஊத்த வேணாம், மோரு மாதிரி ஓடும். அதுதானே அது?"

அதுதான் அது. களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாக நிற்கும். சோடியம் சிலிகேட் அவற்றை ஒன்றையொன்று தள்ளவைக்கும். திரள் கலைந்து குழம்பு நீர்த்து ஓடும். பாடப்புத்தகம் ஒரு பக்கத்தில் சொன்னதை அவன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டான். இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் அவன் திரும்பி வரவில்லை. வாய்மொழித் தேர்வுக்குப் பயந்துதான் நின்றான் என்று பிறகு ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். நம் சங்கத்தின் முகவரிப் பட்டியலில் இன்றும் அவன் பெயர் இல்லை.

பல வருடம் கழித்து ஒரு பெரிய அகராதியைப் புரட்டும்போதுதான் எனக்கு அடி விழுந்தது. லத்தீனில் 'ஃபிளாக்கஸ்' என்றால் கம்பளியின் சிறு துணுக்கு, பஞ்சுப் பிசிறு. அந்தப் பிசிறு போலத் திரண்டு நிற்பதைக் கலைப்பதுதான் டிஃப்ளாக்குலன்ட். நான் பீற்றிக்கொண்ட இருபத்தொன்பது எழுத்துச் சொல்லின் முதல் துண்டும் அதே ஃபிளாக்கஸ்தான்! ஒரே பஞ்சுப் பிசிறு. பொருள் தெரியாமல் நீட்டி முழக்கியவனுக்குக் கைதட்டல். பொருள் தெரிந்து நாக்குத் தடுமாறியவனுக்குச் சிரிப்பு.

எனக்கும் தண்டனை கிடைக்காமல் போகவில்லை. படிப்பு முடித்துச் சென்னையில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ. "உன் பலம் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். நோட்டில் இருந்த சொல் ஒன்றை எடுத்து விட்டேன். "ஐ ஆம் வெரி கேருலஸ், சார்."

"ஆர் யூ ஷ்யூர்?"

"எஸ் சார். ஃப்ரம் சைல்ட்ஹுட்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த பெரியவர் தமிழில் கேட்டார். "தம்பி, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

"நல்லாப் பேசத் தெரிஞ்சவன்னு அர்த்தம் சார்."

"இல்லப்பா. தொணதொணன்னு பேசி உசிரை வாங்குறவன்னு அர்த்தம்."

பிறகு அவர் ஒரு தேநீர்க் கோப்பையை நீட்டினார். உள்பக்கம் முழுக்க மயிரிழை போல விரிசல். "இது என்ன?" என்றார். "கிரேஸிங், சார். மண்ணைவிட மேல்பூச்சு அதிகமாச் சுருங்கியிருக்கு. ஆறும்போது இழுபட்டு வெடிச்சிருக்கு" என்று தொடங்கி ஐந்து நிமிடம் சொன்னேன். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. வேலை கிடைக்கவில்லை. ஆனால் நோட்டின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்பது அந்த அறையில்தான் எனக்கு விளங்கியது.

சூளையும் சமையலறையும்

நம் தொழிற்பேட்டையில் சூளை மேஸ்திரி ஒருவர் இருந்தார். நாலாவது வரை படித்தவர். சாகர் அடுக்குவதில் மன்னன். நெருப்பு நேரே பட்டு சாமான் கெடாமல் இருக்க மண்ணால் செய்த பெட்டிதான் சாகர். "இதுக்கு ஏன் சாகர்னு பேரு?" என்று ஒருமுறை கேட்டேன். "சாமானைச் சாகவுடாது, அதான் சாகர்!" என்றார். எல்லாரும் சிரித்தோம். பிறகு அகராதியில் பார்த்தால், பாதுகாப்பு என்று பொருள்படும் 'சேஃப்கார்ட்' என்ற சொல் தேய்ந்து சாகர் ஆகியிருக்கலாம் என்று போட்டிருக்கிறது. மேஸ்திரி விளையாட்டாகச் சொன்னதும் அகராதிக்காரர் ஆராய்ந்து சொன்னதும் கடைசியில் ஒரே பொருளில் வந்து நின்றன.

அதன் பிறகு பின்பக்கப் பட்டியலை ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினேன். லத்தீனில் 'கோக்வெரெ' என்றால் சமைத்தல், வேகவைத்தல். டெரகோட்டா என்றால் வெந்த மண். பிஸ்கட் என்றால் இருமுறை வெந்தது. கப்பலில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க ரொட்டியை இரண்டாம் முறை சுட்டு எடுத்ததால் வந்த பெயர். நம் சூளையில் ஒரே முறை வெந்து மேல்பூச்சுக்குக் காத்திருக்கும் சாமானுக்கும் அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். காய்ந்து, வெளுத்து, சொரசொரவென்று அந்த ரொட்டி போலவே இருப்பதால் ஒட்டிக்கொண்டது. சூளையைக் குறிக்கும் 'கில்ன்' லத்தீன் சமையலறையான 'குலீனா'விலிருந்து வந்தது. சமையல் தொடர்பான 'கலினரி'யும் அதிலிருந்துதான். 'கிச்சன்' அதே கோக்வெரெ குடும்பம். பல பொருளைக் கலந்து காய்ச்சுவது 'கன்காக்ட்'. காய்ச்சி இறக்கிய சாறு 'டிகாக்‌ஷன்', அதாவது நம் வீட்டு டிகாஷன்!

அந்தக் குடும்பத்தில் ஒரு சொல் என்னை நிறுத்தி வைத்தது. 'பிரிகோஷியஸ்.' வயதுக்கு மீறிய அறிவுள்ள குழந்தையைச் சொல்வது. என் முன்பக்கப் பட்டியலில் 214ஆம் சொல்; நாலு தடவை மறந்து நாலு தடவை படித்தது. அதன் வேர்ப்பொருள் காலத்துக்கு முன்பே வெந்தது, பழுத்தது. அட, நம் பாட்டிகள் சொல்லும் பிஞ்சிலே பழுத்தது! அதன் பிறகு அது மறக்கவே இல்லை. இன்னும் ஒன்று: லத்தீன் கோக்வெரெயும் சமஸ்கிருதத்தின் 'பச்' என்ற வேரும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்பது மொழியியலார் கருத்து. அந்த வேரிலிருந்து நமக்கு வந்த சொல் பக்குவம். சோற்றுக்கும் பக்குவம், மனிதனுக்கும் பக்குவம். சூளைக்கும் அதுதான்.

கேயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணுக்குப் பெயர் தந்தது சீனாவில் பீங்கான் நகரமான ஜிங்தெஷென் அருகிலுள்ள ஒரு மலை. காவ்லிங், அதாவது உயர்ந்த குன்று. அங்கிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்திரகோல் 1712இலும் 1722இலும் எழுதிய கடிதங்கள் வழியாகப் பீங்கான் செய்யும் ரகசியத்தோடு அந்தப் பெயரும் ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. நம் ஊரின் பழம்பெயர் திருமுதுகுன்றம். அந்தப் பெயரின் வடமொழி வடிவம்தான் விருத்தாசலம். உயர்குன்று மண்ணின் பெயரை முதுகுன்றத்தில் உட்கார்ந்து, பக்கத்து நெய்வேலி வெள்ளை மண்ணைப் பிசைந்தபடி நாம் உச்சரித்தோம். அப்போது இது தெரிந்திருந்தால் அந்தச் சொல் அந்நியமாகப் பட்டிருக்குமா?

நாம் கொடுத்த சொற்கள்

வாங்குபவன் மட்டும்தான் தமிழன் என்று நினைக்க வேண்டாம். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னெல், ஹென்றி யூல் என்பவரோடு சேர்ந்து, கீழ்நாட்டுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் நுழைந்த கதையை ஒரு பெரும் அகராதியாகத் தொகுத்தார். 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அந்தப் புத்தகம் பர்னெல் இறந்து நாலு ஆண்டு கழித்து, 1886இல் வெளிவந்தது. கட்டுமரம் கேட்டமரன் ஆனது. 1697இல் டாம்பியர் என்ற கடலோடியின் பயண நூலிலேயே அது இருக்கிறது. சுருட்டு செரூட் ஆனது. மிளகுத்தண்ணீர் மல்லிகட்டானி ஆனது. அணைக்கட்டு அனிகட் ஆனது. நம் கீழணையை ஆங்கிலத்தில் லோயர் அனிகட் என்றுதானே சொல்கிறோம்?

செராமிக் படித்தவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள ஒரு சொல் உண்டு. கரண்டம். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். மோஸ் கடினத்தன்மை அளவில் 9. வைரம் மட்டுமே அதற்கு மேலே. நிறம் ஏறினால் அதுவே மாணிக்கம், நீலம். சாணை பிடிக்கவும், தீ தாங்கும் செங்கல்லுக்கும் ஆதாரம் இந்தப் பொருள்தான். 1798இல் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்தக் கல்லைப் பற்றி எழுதிய ஆய்வுரை, பெயரை விஞ்ஞான உலகத்தில் நிலைநாட்டியது. அந்தப் பெயர் நம் குருந்தம்! தேர்வில் "கரண்டம் என்றால் என்ன?" என்று கேட்டபோது ஏதோ கிரேக்கச் சொல் என்று நினைத்து நடுங்கினோமே, அது சாணைக்காரர் வாயிலிருந்து கப்பலேறிப்போய், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு திரும்பி வந்த நம் வீட்டுப் பிள்ளை.

இன்றைய மாணவர்களுக்கு

தம்பி தங்கைகளே, உங்கள் காலம் வேறு. அகராதி செல்பேசியிலேயே இருக்கிறது. மேல்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வுகூட 2011இல் எதிர்ச்சொல் கேள்விகளைக் கைவிட்டு, வாக்கியத்தில் பொருத்திப் பார்க்கும் முறைக்கு மாறிவிட்டது. பட்டியல் மனப்பாடத்தின் எல்லை தேர்வு வைப்பவர்களுக்கே புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அபூர்வச் சொற்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிறைய வேண்டும். வெஸ்ட் சொன்ன 2,000 சொல் வாசல்வரை கொண்டுபோகும். உள்ளே போக உங்கள் தொழிலின் சொற்கள் வேண்டும். என் அனுபவத்தில் கண்ட மூன்று யோசனைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

1. உங்கள் கையும் கண்ணும் தொட்ட பொருளின் சொல்லிலிருந்து தொடங்குங்கள். பட்டறை, வயல், சமையலறை எதுவானாலும் சரி. அதன் வேரைத் தேடுங்கள். ஒரு வேர் கிடைத்தால் பத்துச் சொல் கூடவே வரும்.

2. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பக்கத்தில் உங்கள் பாட்டி சொல்லும் சொல்லை எழுதுங்கள். பிரிகோஷியஸுக்குப் பக்கத்தில் 'பிஞ்சிலே பழுத்தது' என்று. அகராதிப் பொருளைவிட அது ஆழமாகப் பதியும். ஒரு சொல்லை மூன்று வாக்கியத்தில் பயன்படுத்தாமல் இன்டர்வியூவுக்கு எடுத்துப் போகாதீர்கள். நான் கேருலஸ் ஆனது போதும்.

3. யாராவது ஒரு சொல்லில் தடுமாறினால் சிரிக்காதீர்கள். பொருளைக் கேளுங்கள். உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கலாம்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பீங்கான் ஃபியூஸ் இருந்த இடத்தில் எம்.சி.பி. வந்துவிட்டது. சாகர் அடுக்கத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. அந்தக் கைகளோடு சொற்களும் போய்விடும். சந்திப்பு நாளில் வரவேற்பு மேசையில் ஒரு பெரிய நோட்டு வைப்போம். வரும் ஒவ்வொருவரும் தங்கள் பட்டறைச் சொற்கள் பத்தை எழுதட்டும்: ஆங்கிலச் சொல், நம் ஆட்கள் அதைச் சொன்ன விதம், அது செய்யும் வேலை. அதை அச்சிட்டு முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுப்போம். பெப்ரீசியஸ் வெளிநாட்டிலிருந்து வந்து நமக்கு அகராதி செய்தார். நம் சூளைக்கு நாமே ஒன்று செய்யக் கூடாதா?

என் அறைத் தோழன் எங்கே இருக்கிறான் என்று இதைப் படிப்பவர்களில் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து செயலாளரிடம் சொல்லுங்கள். படிப்பை முடிக்காதவன் என்று பார்க்க வேண்டாம். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் 'டிஃப்ளாக்குலன்ட்' என்ற சொல்லுக்கு அவன்தான் பொருள் எழுத வேண்டும். கூழ் மோராகும் கதையை அவனைவிட நன்றாகச் சொன்னவர் யாரும் இல்லை.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!